கலப்பைக்குப் பின்னால் வராத மழை

கான்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி, கௌபாய் படங்கள் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான பெயர். டெக்சாஸிலிருந்து ஓட்டி வந்த மாட்டு மந்தைகள் ரயிலேறிய ஊர், வயாட் ஏர்ப் காவல் பார்த்த ஊர். படங்களில் வராத ஒரு விஷயம் அந்த ஊருக்கு உண்டு. 100-வது மேற்குத் தீர்க்கரேகை கிட்டத்தட்ட அதன் மேலேயே போகிறது. வட டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை இறங்கும் இந்தக் கோட்டுக்குக் கிழக்கே ஆண்டுக்குச் சராசரியாக 20 அங்குலத்துக்கு மேல், அதாவது 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேற்கே போகப்போக அதைவிடக் குறைவு. அமெரிக்க மேற்கின் வரலாற்றைத் துப்பாக்கியை வைத்துச் சொல்வதைவிட இந்த 20 அங்குலத்தை வைத்துச் சொல்வது சுலபம் என்பது என் கட்சி.

மழை ஏன் அங்கே வந்து குறைகிறது? பசிபிக் கடலிலிருந்து கிழக்கு நோக்கி வரும் ஈரக்காற்று முதலில் சியர்ரா நெவாடா, காஸ்கேட் மலைகளில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று குளிரும். குளிர்ந்தால் அதில் உள்ள நீராவி மேகமாகி மழையாகவோ பனியாகவோ கொட்டிவிடும். மிச்சம் மீதியை ராக்கி மலைத்தொடர் வாங்கிக்கொள்கிறது. மலையின் மறுபக்கம் இறங்கும் காற்று சூடாகி, காய்ந்துபோய்த்தான் சமவெளிக்கு வருகிறது. இது மழை மறைவுப் பகுதி. சரி, தெற்கே மெக்சிகோ வளைகுடா இருக்கிறதே? கோடையில் அங்கிருந்து ஈரக்காற்று வடக்கே ஏறி வரத்தான் செய்கிறது. ஆனால் உயரே மேற்கிலிருந்து வீசும் காற்று அதைக் கிழக்காகத் தள்ளிக்கொண்டு போவதால் அயோவாவுக்கும் இல்லினாய்க்கும் நல்ல மழை. மேற்குச் சமவெளிக்கு ஏதோ கொஞ்சம். நிலத்தைப் பார்த்தாலே இது தெரியும். கிழக்கே ஆள் உயரப் புல், மேற்கே கணுக்கால் உயரப் புல்.

20 அங்குலம் என்பது சராசரிதான். விவசாயியைக் கவிழ்ப்பது சராசரி இல்லை, அதன் ஏற்ற இறக்கம். சில ஆண்டுகள் சேர்ந்தாற்போல் நன்றாகப் பெய்யும், அப்புறம் சில ஆண்டுகள் அடியோடு பொய்க்கும். அங்கே வாழ்ந்த பானி, லகோட்டா, ஷையன், கோமாஞ்சே பழங்குடி மக்களுக்கு இது தெரிந்த சங்கதி. காட்டெருமை போன பக்கம் வேட்டைக்குப் போனார்கள். பானி மக்கள் ஆற்றோரங்களில் மட்டும் மக்காச்சோளம் போட்டார்கள். 1820-ல் வந்து பார்த்த ராணுவ அதிகாரி ஸ்டீஃபன் லாங்கின் குழுவும் இந்த நிலம் உழவுக்கு லாயக்கில்லை என்று எழுதி, வரைபடத்தில் 'பெரும் பாலைவனம்' என்றே பெயர் போட்டது.

பாலைவனம் என்று பெயர் வாங்கிய நிலத்தை எப்படி விற்பது? 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், ஐந்து ஆண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் என்றது. நல்ல மழை பெய்யும் கிழக்கு மாநிலமான ஒஹையோவில் ஒரு குடும்பம் செழிக்க அது போதும். 100-வது கோட்டுக்கு மேற்கே அதே 160 ஏக்கர் பட்டினிக்கு எழுதிக் கொடுத்த பட்டா. அரசு மானியமாகத் தந்த நிலத்தை ஏராளமாக வைத்திருந்த ரயில் கம்பெனிகளுக்கோ ஆள் வேண்டும், ஆள் வந்து விளைவித்தால்தான் ரயிலுக்குச் சரக்கு. ஐரோப்பா வரை துண்டுப் பிரசுரங்கள் போயின.

இந்த நேரத்தில்தான் அறிவியல் கை கொடுத்தது, அல்லது கை கொடுத்ததுபோல் இருந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி ஒரு விளக்கம் சொன்னார். புல்வெளியின் இறுகிய மண்ணில் விழும் மழை வழிந்தோடிவிடுகிறது. உழுதுவிட்டால் மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விடும். அந்த ஆவி மறுபடி மழையாகும், அந்த மழை இன்னும் அதிகம் ஊறும். நில வியாபாரியான சார்லஸ் டானா வில்பர் 1881-ல் இதையே 'கலப்பையைப் பின்தொடர்ந்து மழை வரும்' என்று நாலு வார்த்தையில் சுருக்கிவிட்டார். மரம் நட்டால் மழை வரும், தண்டவாளமும் தந்திக் கம்பியும் மின்சாரத்தால் மழையை இழுக்கும் என்றெல்லாம் கிளைக் கதைகளும் இருந்தன. 40 ஏக்கரில் மரம் வளர்ப்பவருக்கு 160 ஏக்கர் தருவதாக 1873-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1870-களின் பிற்பகுதியிலும் 1880-களின் முற்பகுதியிலும் சமவெளியில் உண்மையாகவே நல்ல மழை. உழுதார்கள், பெய்தது. கண் முன்னால் நடப்பதை எவன் மறுப்பான்? கணக்கில் ஓட்டை இருந்தது வேறு இடத்தில். ஆவியான நீர் அதே வயலின் தலைக்கு மேல் காத்துக்கொண்டு நிற்காது. காற்று அதைப் பல நூறு கிலோமீட்டர் தூக்கிப்போய்த்தான் எங்காவது இறக்கும். அதைவிட முக்கியம், உழவு புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீரையும் உண்டாக்குவதில்லை. கடலிலிருந்து எவ்வளவு ஈரம் உள்ளே வர வேண்டும் என்பதைக் கடல்களின் வெப்பநிலையும் காற்றோட்டமும் தீர்மானிக்கின்றன. நெப்ராஸ்காக்காரனின் கலப்பைக்கு அதில் ஓட்டு கிடையாது.

போனவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுன்டியில் எடுத்த படங்கள் சாட்சி. மரம் இல்லாத ஊர் என்பதால் புல்லோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல்போல் அடுக்கி வீடு கட்டினார்கள். வேர்கள் பின்னிக் கிடப்பதால் பாளம் உதிராது. சுவர் இரண்டு, மூன்று அடி கனம். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. கூரை மட்டும் மழை நின்ற பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு குடும்பம் வீட்டுக்குள்ளிருந்த ஆர்கன் என்ற இசைப்பெட்டியை வெளியே இழுத்துப் போட்டு அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. மண்வீடு படத்தில் விழக்கூடாது என்று வீட்டம்மாவுக்கு ஆசையாம்.

எச்சரித்த ஆள் இல்லாமல் இல்லை. ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869-ல் ஒற்றைக் கையோடு கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே படகில் போய் மீண்டவர். 1878-ல் அவர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, 20 அங்குலத்துக்குக் கீழே பாசனமில்லாத விவசாயம் நிலைக்காது என்றது. பாசன நிலம் 80 ஏக்கர் போதும், மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும், நிர்வாக எல்லைகளை ஆற்றுப் படுகைகளை ஒட்டி வகுக்க வேண்டும் என்றார். நாடாளுமன்றத்தில் யாரும் காது கொடுக்கவில்லை.

1890-களில் மழை பொய்த்தது. 'கடவுளை நம்பினோம், கான்சாஸில் நொடிந்தோம்' என்று வண்டியில் எழுதிக்கொண்டு கிழக்கே திரும்பினார்கள். 1891-ல் ராபர்ட் டைரன்ஃபோர்த் என்பவர் அரசுப் பணத்தில் டெக்சாஸின் மிட்லாண்ட் அருகே பலூனிலும் பட்டத்திலும் வெடிமருந்து கட்டி வானத்தை வெடித்துப் பார்த்தார். போர்க்களத்தில் பீரங்கி முழங்கிய பிறகு மழை பெய்கிறது என்ற பழைய நம்பிக்கைதான் அடிப்படை. வெற்றி என்று அவரே அறிவித்துக்கொண்டார்; எப்படியும் மழை தொடங்கும் ஆகஸ்ட் மாதம் அது.

1893 ஜூலையில் சிகாகோவில் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர், மேற்கே நகர்ந்துகொண்டே போன குடியேற்ற எல்லைதான் அமெரிக்கரின் குணத்தை வார்த்தது என்று கட்டுரை வாசித்தார். அந்தக் கோடையில் அதே ஊரில் மேற்கின் வீரக்கதைகளை நடித்துக் காட்டிய பஃபலோ பில்லின் குதிரைக் காட்சிக்கும் கூட்டம் அலைமோதியது. மூன்று மாதம் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் நடந்த பாசன மாநாட்டில், இருக்கும் நிலத்துக்குப் போதுமான தண்ணீர் இல்லை என்று பவல் சொன்னபோது கூட்டம் கூச்சலிட்டு அவரை அவமதித்தது. எந்தக் கதைக்கு மவுசு அதிகம் என்பதற்கு இந்த இரண்டு மேடைகள் போதும்.

முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியது. பிறகு டிராக்டரும் வந்து, மிச்சப் புல்வெளியும் உழப்பட்டது. 1931 முதல் வறட்சி. தொடக்கக் காரணம் பசிபிக்கின் வெப்பமண்டலப் பகுதி சற்றே குளிர்ந்ததுதான். மற்றதைக் கலப்பை பார்த்துக்கொண்டது. வேர் பிடித்திருந்த மண் அவிழ்ந்து பறந்தது. 1934 மே மாதப் புழுதி நியூயார்க்கைத் தாண்டி அட்லாண்டிக்கில் போன கப்பல்கள் மேல் விழுந்தது. 1935 ஏப்ரல் 14-ல் எழுந்த கரும்புழுதிச் சுவரால் பட்டப்பகல் இருண்டது. வானத்தில் மிதக்கும் புழுதி சூரிய ஒளியை மறைக்கும். தரை போதுமான அளவு சூடாகாது. காற்று மேலே எழுந்து மேகம் கட்டுவது தடைப்படும். கணினி மாதிரிகளில் புழுதியையும் சேர்த்துப் பார்த்தபோது வறட்சி இன்னும் கடுமையாவது தெரிந்தது. உழவு மழையை விரட்டியது என்று சொன்னாலும் தப்பில்லை. ரூஸ்வெல்ட் அரசு 20 கோடிக்கும் மேல் மரம் நட்டது, இந்தத் தடவை காற்றைத் தடுப்பதற்காக.

ஆகியின் கணக்கில் ஒரு துளி உண்மையும் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சமவெளிக்கு அடியில் கிடக்கும் ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தாங்கியிலிருந்து ராட்சத பம்புகள் தண்ணீரை மேலே கொண்டுவந்தன. இது வயலுக்குப் புதிதாகச் சேர்ந்த தண்ணீர் என்பதால் ஆவியும் கூடியது, கோடை மழையும் ஓரளவு கூடியது. ஆனால் கூடியது காற்று போகும் திசையில், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் கிழக்கு மாநிலங்களில். தண்ணீரை இறைத்த மேற்கு கான்சாஸிலோ கிணறுகள் வற்றிக்கொண்டிருக்கின்றன.

100-வது கோடும் இப்போது இடம் மாறுகிறது. காலநிலை ஆய்வாளர் ரிச்சர்ட் சீகரின் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஈரத்துக்கும் வறட்சிக்குமான எல்லை 1980 வாக்கிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்திருக்கிறது. வெப்பம் கூடி மண்ணின் ஈரம் வேகமாக ஆவியாவது ஒரு காரணம், தெற்கே மழை குறைந்தது இன்னொன்று. கோட்டுக்கு மேற்கே இன்றும் பண்ணைகள் பெரியவை, கிழக்கே சிறியவை. எல்லை நகர நகரச் சிறு பண்ணைகள் ஒன்றோடொன்று சேர வேண்டியிருக்கும், மக்காச்சோளம் போட்ட இடத்தில் கோதுமை போட வேண்டியிருக்கும், சில வயல்கள் மேய்ச்சலுக்கே திரும்பும் என்று அவர்கள் கணிக்கிறார்கள். 1878-ல் பவல் கேட்ட 2,560 ஏக்கரும் மேய்ச்சலுக்காகத்தான்.