மக்காமல் போனதால் மிஞ்சிய ஆக்சிஜன்

மரம் ஆக்சிஜன் தருகிறது என்று பள்ளியில் படித்தது பாதிக் கணக்குதான். செடி ஒரு கரிம அணுவைச் சேர்த்துக்கொள்ளும்போது ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளியேறும். அந்தச் செடியை மாடு தின்றாலும், அது மக்கினாலும், எரிந்தாலும் அதே அளவு ஆக்சிஜன் செலவாகிவிடும். வரவுக்கும் செலவுக்கும் சரி. பிறகு காற்றில் 21 சதவீதம் எப்படி வந்தது?

மக்காமல் புதைந்ததால் வந்தது. கடலில் உருவாகும் உயிர்ப்பொருளில் ஆயிரத்தில் சில பங்குதான் பாக்டீரியாவுக்குத் தப்பி அடிச்சேற்றில் மூடப்படுகிறது. அதற்கு ஈடான ஆக்சிஜன் செலவாக வழியில்லாமல் மிஞ்சுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இன்று உயிரோடிருக்கும் எல்லாவற்றிலும் உள்ள கரிமம் சுமார் 55,000 கோடி டன். 12 கிலோ கரிமம் எரிய 32 கிலோ ஆக்சிஜன் வேண்டும். காடு, புல், பூச்சி, மனிதர் அத்தனையும் எரிந்தாலும் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன்தான் தேவை. காற்றில் இருப்பதோ சுமார் 12 கோடி கோடி டன். 20.95 சதவீதம் 20.92 ஆகும், அவ்வளவே. அமேசானைப் பூமியின் நுரையீரல் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. (மழைக்கு அந்தக் காடு வேண்டும், அது வேறு விஷயம்.)

சயனோபாக்டீரியா என்னும், வெயிலில் உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியேற்றத் தொடங்கியதும் காற்று மாறிவிடவில்லை. எரிமலைகள் கக்கிய ஹைட்ரஜனும் கடலில் கரைந்திருந்த, இன்னும் துருவாகாத ஃபெரஸ் இரும்பும் அதை விழுங்கிக்கொண்டே இருந்தன. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு ஃபெரஸ் அயனிகளைத் துருவாக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லியில் வரிவரியாக நிற்கும், சுமார் 250 கோடி ஆண்டு பழைய இரும்புப் பாறைகளில் அந்தத் துரு படிந்திருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமலே இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம்.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வரவு செலவை மிஞ்சியது. சாட்சி, ஆற்று மணல். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில், அதற்கும் முந்திய படிவுகளில், உருண்டு தேய்ந்த பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்), யுரேனினைட் (யுரேனியக் கனிமம்) மணிகள் கிடைக்கின்றன. ஆக்சிஜன் உள்ள காற்றில் பைரைட் துருப்பிடித்துவிடும், யுரேனினைட் நீரில் கரைந்துவிடும். உருண்டு தேயும்வரை தாங்காது. பிந்திய ஆற்றுப் படிவுகளில் இவை அநேகமாக இல்லை.

36 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக்காடுகள் மக்காமல் புதைந்து நிலக்கரியாயின. அப்போது ஆக்சிஜன் 30 சதவீதத்தை நெருங்கியிருக்கும் என்பது ஒரு மதிப்பீடு.

அந்த நிலக்கரியை எரிக்கும்போது பழைய செலவு இப்போது பற்றெழுதப்படுகிறது. காற்றில் ஆக்சிஜன் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு குறைகிறது. மூச்சுத் திணறாது, இருப்பு அவ்வளவு பெரிது. கார்பன் டை ஆக்சைடு மொத்தமே 0.04 சதவீதம்தான் என்பதால் அதன் பக்கம்தான் இந்த மாற்றம் பெரிதாகத் தெரிகிறது.