ஞானஸ்நானச் சீட்டும் சாதிச் சான்றிதழும்

உங்கள் சாதிச் சான்றிதழை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு வந்த நோட்டீஸோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் காகிதக் கட்டைப் பிரித்தால், பழைய தாள் ஒன்று அநேகமாக உள்ளே இருக்கும். மிஷன் ஹாஸ்டலில் சேரும்போது கொடுத்த விண்ணப்பம், இல்லையென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல். பள்ளி மாற்றுச் சான்றிதழான டி.சி.யில் 'இந்து - ஆதிதிராவிடர்' என்று இருக்கும், ஹாஸ்டல் விண்ணப்பத்தில் 'கிறிஸ்தவர்' என்று இருக்கும். நிரப்பியது வார்டன், கைநாட்டு வைத்தது அம்மா. பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கப் போகிறது என்று நிற்கிறவர், மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்று எட்டிப் பார்ப்பாரா? பல வருஷம் கழித்து, அதே பிள்ளை அரசு வேலையில் இருக்கும்போது யாரோ ஒரு மொட்டைக் கடுதாசி போடுவார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தாளுக்கு உயிர் வரும், ஏனென்றால் கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் சட்டப்படி கிடையாது.

மிஷன்காரர்கள் செய்ததெல்லாம் சூழ்ச்சி என்று பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. சேரிக்குள் மற்றவர்கள் கால் வைக்காத காலத்தில் பள்ளிக்கூடம் போட்டவர்கள் அவர்கள். 1890களில் செங்கல்பட்டுப் பகுதிப் பறையர்களுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லாததைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களில் கௌடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரியார்கள் உண்டு. கலெக்டர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையும் சேர்ந்துதான் 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த 'டி.சி. நிலம்' (டிப்ரஸ்ட் கிளாஸ் நிலம்) இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்பது வேறு கதை, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஆனால் மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சொன்னது பலிக்கவில்லை. சர்ச்சுக்குள்ளேயே பலிக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கர்களைப் புதைக்கும் இடத்தைப் பிரித்துச் சுவரே எழுப்பினார்கள். எறையூர் கிராமத்தில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு, அதாவது தனிச் சபை, வேண்டும் என்று கேட்டது கலவரமாகி, 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள்.

சட்டமோ வேறு மாதிரி நினைக்கிறது. பட்டியல் சாதிகள் எவை என்று அறிவித்த 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் சூசை. ரோட்டோரம் உட்கார்ந்து செருப்பு தைத்தவர். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மட்டும் இல்லை என்றது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லி 1985இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் உட்கார்ந்திருந்த இடமும் செய்த வேலையும் ஆதாரம் இல்லையா என்று எனக்கு இன்றும் கோபம் வரும். கோபம் வந்து என்ன, இன்றைக்கும் அதுதான் சட்டம்.

இதன் விளைவு அடிபடும்போதுதான் தெரியும். ஒரே தெருவில் இரண்டு பேரைச் சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று வையுங்கள். இந்துவாக இருப்பவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம், 2016 விதிகளின்படி நிவாரணமும் உண்டு, குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாயிலிருந்து 8.25 லட்சம் வரை. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. தனித்தொகுதியிலும் அவர் நிற்க முடியாது. சரி, எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கும்போது யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. தீண்டாமையைத் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தையும் பயன்படுத்தலாம், ஸ்டேஷனில் அதை அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை மதம் மாறிய பிள்ளைகளுக்கும் உண்டு. இது தெரியாமல் கட்டணத்துக்கு வெளிநாட்டு ஸ்பான்சரை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அந்தப் பணம் ஒரு நாள் நின்றுபோகும். கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ உதவி நிறுவனம் 2017இல் இந்தியாவை விட்டுப் போனபோது 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உதவி நின்றது.

அதனால் உதவி செய்கிறவர்களிடம் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். சோறு போடுங்கள், ஃபீஸ் கட்டுங்கள், ஆனால் அதற்கு ஞானஸ்நானத்தை நிபந்தனையாக்காதீர்கள். விண்ணப்பத்தில் நீங்களாக மதத்தை நிரப்பாதீர்கள், டி.சி.யில் உள்ளதைப் பார்த்து பெற்றோரைக் கேட்டு எழுதுங்கள். விசுவாசத்தோடு ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம், இதனால் சட்டப்படி இன்னின்னது போகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்கிற போதகர்கள் குறைவு. சொன்னால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயம்தான் காரணமோ என்னவோ.

குடும்பங்களுக்கு: சர்ச்சுக்குப் போனதும் வீட்டில் சிலுவை மாட்டியிருப்பதும் மட்டுமே மதம் மாறியதற்குச் சாட்சி ஆகாது. கிளினிக் சுவரில் சிலுவை இருந்ததைக் காரணம் காட்டி ஒரு டாக்டரின் சான்றிதழை ரத்து செய்ததை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் அதை நம்பி, உண்மையாகவே கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. தாய்மதம் திரும்பியவர்களுக்கு வழி உண்டு, ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பின்படி பழைய சாதி, திரும்பியது, சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டது மூன்றுக்கும் சாட்சி வேண்டும்.

1950 ஆணைக்கு எதிரான வழக்கு 2004இலிருந்து உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது, 2022இல் இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையமும் போட்டார்கள். அதெல்லாம் முடியும்போது முடியட்டும். சாதிச் சான்றிதழைச் சரிபார்க்கும் மாவட்ட விழிக்கண் குழுவிலிருந்து நோட்டீஸ் வந்தால் பயந்துபோய் நீங்களே ஒரு பதில் எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் வக்கீலைத் தேடாதீர்கள். அந்தப் பதிலில் 'நாங்கள் எப்போதும் சர்ச்சுக்குப் போகிறவர்கள்' என்று வெள்ளந்தியாக ஒரு வரி எழுதியிருப்பீர்கள், அந்த வரிக்குப் பதில் சொல்லித்தான் வழக்கு முழுவதையும் நாங்கள் நடத்த வேண்டியிருக்கும்.