கொப்பி

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு பிள்ளை “கொப்பி வாங்கணும், காசு தாங்க” என்று கேட்டால் அம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். என் தம்பி அந்த நம்பிக்கையில்தான் காலம் தள்ளினான். அவன் வாங்கிவந்தது எண்பது பக்கக் கொப்பி அல்ல. மார்க்கர் பேனையால் பெயர் கிறுக்கிய பிளேஸ்டேஷன் விளையாட்டு சிடி. அவன் சொன்னது பொய்யுமல்ல. அதற்கும் எங்கள் பக்கம் கொப்பி என்றுதான் பெயர்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கோப்பியா’ என்றால் மிகுதி, வளம். இடைக்காலத்தில் அது ஏட்டைப் பார்த்து எழுதிய நகலைக் குறித்தது. பிறகு பிரெஞ்சு, ஆங்கிலம், நாங்கள். பள்ளிக்கூடக் கொப்பியும் பரீட்சையில் ‘கொப்பி அடித்த’லும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. (தேயிலைக்கு முன்பு இந்த மலையில் விளைந்த கோப்பிக்கும் இதற்கும் உறவில்லை. அது அரபியின் கஹ்வா வழி வந்தது. நெடில் ஒன்றுதான் வித்தியாசம்.)

வெறும் கொப்பி சிடியை மெஷின் ஏற்காது. முதல் பிளேஸ்டேஷனின் அசல் சிடியில், உள்விளிம்புத் தடத்தின் நெளிவில் ஒரு நான்கெழுத்துக் குறி ஒளிந்திருக்கும். வீட்டு சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. உள்ளே பற்றவைக்கும் சிறு சிப் அதே குறியை மெஷினுக்குப் பொய்யாக ஊட்டும். இதுதான் ‘சிப் அடிப்பது’. ஊரில் எவரும் இதை ஹேக்கிங் என்று சொன்னதில்லை.

களவாக நகலெடுப்பதைச் சொல்லும் ‘பைரசி’ வேறு கதை. கிரேக்கத்தில் தாக்க முயல்பவன் என்ற பொருளில் பிறந்து கடற்கொள்ளையனுக்குப் பெயரானது. அனுமதியில்லாமல் நூல் அச்சிட்டவர்களை ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே அப்படித் திட்டினார்கள். அதை ‘கடற்கொள்ளை’ என்றே தமிழில் எழுதுகிறவர்கள் நுவரெலியாவுக்கு வந்து கடலைக் காட்டட்டும்.

ஹேக்கிங்கையும் பைரசியையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய மெஷினைத் திறந்து சொந்தமாக எழுதிய நிரலை ஓட்டுவது ஒன்று. பிறர் உழைப்பைக் காசில்லாமல் எடுப்பது இன்னொன்று. ஆனால் கதவு ஒன்றுதான், அதனால் அடி எல்லோருக்கும் விழும். பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை ஓட்டும் வசதி இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி 2010 ஏப்ரலில் அதன் தயாரிப்பாளர் சோனி அந்த வசதியை நீக்கியது. ஒரு சிடியும் கொப்பி எடுக்காதவர்களும் அந்த வசதியை இழந்தார்கள்.

விளையாட்டை உருவாக்குகிறவர் பக்கம் என்ன நடக்கிறது? கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சின்னஞ்சிறு குழு 2013இல் ‘கேம் டெவ் டைக்கூன்’ விளையாட்டை வெளியிட்டது. விளையாட்டு நிறுவனம் நடத்துவதுதான் அந்த விளையாட்டே. கூடவே தாங்களே ஒரு களவுப் பதிப்பையும் இணையத்தில் விட்டார்கள். முதல் நாள் ஆடிய 3,318 பேரில் 3,104 பேர் கையில் இருந்தது களவுப் பதிப்பு. அதில் ஒரு குறும்பு வைத்திருந்தார்கள்: போகப்போக ஆடுபவரின் கற்பனை நிறுவனம் களவுப் பிரதிகளால் நொடித்துப்போகும். களவாக ஆடியவர்களே ‘இப்படித் திருடினால் நான் எப்படிப் பிழைப்பது’ என்று இணையத்தில் புலம்பினார்கள்!

சிரித்தாலும் தம்பியை முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. புது விளையாட்டு 70 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் 21,000. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்கூலி 1,350. அந்தக் கூலிக்கு, ஒரு சிடிக்குப் பதினைந்து நாளைக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. ஆனால் அது இந்தக் கணக்கைப் போடாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? நகலுக்குப் ‘படி’ இருக்கிறது. கையெழுத்துப்படி, படியெடுத்தல் எல்லாம் பழகியவை. உரிமையில்லாத நகலுக்குக் ‘களவுப்படி’ பொருந்தும். தமிழ்நாட்டார் ‘திருட்டு’ சேர்ப்பார்கள், நமக்குக் களவே வாயில் வரும். சிப் அடிப்பதற்குப் ‘பூட்டுடைத்தல்’ என்பேன். களவு என்ற தீர்ப்பு அதற்குள் இல்லை.

பரீட்சை மண்டபத்தில் மட்டும் ‘கொப்பி அடிக்காதே’ அப்படியே இருக்கட்டும். ‘படியடிக்காதே’ என்றால் பிள்ளைகளுக்குப் ‘படிக்காதே’ என்றுதான் கேட்கும்.