பின் இருக்கையில் படுத்து வந்த ஃபிரிட்ஜ்

சென்ற ஆவணியில், துறையூருக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்தில் புதுமனை புகுவிழா முடிந்த மறுநாள் என்னை அழைத்தார்கள். ஆடித் தள்ளுபடியில் வாங்கி, திருச்சியில் தம்பி வீட்டில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒரு நாள்கூடக் குளிரவில்லை என்பது புகார். பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். கம்ப்ரசர் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. ஃபிரீசரின் உட்சுவரோ அறையின் வெப்பத்திலேயே இருந்தது. பக்கவாட்டுத் தகட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அது காரின் சீட் பெல்ட் கொக்கி பதிந்த தடம். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரமும் அந்த ஃபிரிட்ஜ் பின் இருக்கையில் மல்லாந்து படுத்தே வந்திருக்கிறது. வந்து இறங்கிய பத்தாவது நிமிடத்தில், விழாவுக்கு வாங்கிய பாலையும் தயிரையும் உள்ளே வைத்து மின்சாரத்தையும் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டு உபயோகப் பொருட்களைப் பழுதுபார்ப்பதை 22 ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். இது எனக்குப் புதிய காட்சி அன்று. கடைக்காரர் உள்ளூருக்குள் இலவசமாகக் கொண்டுவந்து இறக்கித் தருகிறார். ஆனால் வெளியூர் என்றாலோ, பழைய பொருளைத் தனிநபரிடம் வாங்கினாலோ, டெலிவரி நாளைக்குத்தான் என்று கடையில் சொல்லி நாமோ இன்றுதான் நல்ல நாள் என்று நினைத்தாலோ, உடனே சொந்தக் காரை எடுத்துவிடுகிறோம். இருக்கையை மடக்கி, அளவெடுத்து, "உள்ளே போய்விடும்" என்று ஒருவர் சொன்னதும் முடிவாகிவிடுகிறது. பொருள் உள்ளே போகுமா என்பதோடு, அது நின்றபடி வருமா, வழியெங்கும் நகராமல் இருக்குமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டிருந்தால், நான் பார்த்த பழுதுகளில் பெரும்பகுதி நேர்ந்தே இருக்காது.

ஃபிரிட்ஜ் ஏன் நின்றபடி வர வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் கம்ப்ரசர் என்ற கறுப்பு உருண்டைக்குள், மோட்டாரும் பிஸ்டனும் சுருள்வில்களின் மேல் தொங்கலாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவுக்கு எண்ணெய் தேங்கி நிற்கிறது. பெட்டியைப் படுக்க வைத்ததும் அந்த எண்ணெய் தன் இடத்தை விட்டு வாயுக் குழாய்களுக்குள் வழிந்துவிடுகிறது. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் ஒருபுறம் கம்ப்ரசர் போதிய எண்ணெய் இல்லாமல் உராய்கிறது. மறுபுறம், உள்விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கேபிலரி குழாயில் எண்ணெய் போய் அடைத்துக்கொள்கிறது. வேகத்தடைகளில் வண்டி தூக்கிப் போடும்போது சுருள்வில் இடம் மாறிவிடுவதும் உண்டு. அப்படியானால் கம்ப்ரசர் இயங்கும்போதெல்லாம் டக்டக்கென்று இடிக்கும் ஓசை கேட்கும். துறையூர் வீட்டில் கம்ப்ரசரையும் கேபிலரியையும் மாற்ற வேண்டியதாயிற்று. வண்டியில் கொண்டுவந்ததால் ஏற்பட்ட சேதம் என்பதால் வாரண்டியும் கைகொடுக்கவில்லை.

வேறு வழியின்றிப் படுத்த நிலையில் வந்த ஃபிரிட்ஜை, வீட்டில் நிமிர்த்தி வைத்த பிறகு குறைந்தது அது படுத்திருந்த நேரமாவது அப்படியே விட்டுவிடுங்கள். நான் ஒரு முழுநாள் விடச் சொல்வது வழக்கம். எண்ணெய் தன் எடையாலேயே மெல்ல இறங்கி வர வேண்டும். அதை விரைவுபடுத்த எந்தக் கருவியும் கிடையாது. இன்று விற்கும் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்னும், தீப்பற்றக்கூடிய வாயு. அளவு சில பத்துக் கிராம்தான் என்றாலும், பின்பக்கக் குழாயைப் பிடித்துத் தூக்கியதால் விரிசல் விட்டிருந்தால் அதை மூடிய சமையலறையில் வைப்பது நல்லதன்று.

பொருளுக்கு நேரும் சேதத்தைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். வண்டியில் உடன் அமர்ந்திருப்பவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 40 கிலோ பெட்டி ஒன்று கட்டப்படாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதன் மீதாவது மோதி நின்றால், பெட்டி நிற்காது. அது முன்னோக்கிப் பாயும் விசை, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து அதே பெட்டியைக் கீழே போட்டால் ஏற்படும் விசைக்கு நிகரானது. முன் இருக்கைகள் மனிதர்களைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. பின்னாலிருந்து வந்து மோதும் இரும்புப் பெட்டியைத் தடுக்கும் சுவர்கள் அல்ல. இடம் போதவில்லை என்று, அந்தப் பெட்டியை ஒட்டியே ஒரு குழந்தையையும் உட்கார வைத்து, "சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள் கண்ணு" என்று சொல்லிக் கிளம்பும் குடும்பங்களை நான் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

டிக்கிக் கதவை மூட முடியாமல் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டுவதில் வேறோர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஓடும் காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் சைலன்சரிலிருந்து வெளியேறும் புகை திறந்த டிக்கி வழியாகத் திரும்ப வண்டிக்குள்ளேயே இழுக்கப்படுகிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கக் கலக்கமும் வரும்போது பயணக் களைப்பு என்றே நினைத்துக்கொள்வோம்.

மெத்தையும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் பெரும்பாலும் கூரைமேல்தான் ஏறுகின்றன. எடை குறைவுதானே என்ற எண்ணமே இங்கே ஏமாற்றிவிடுகிறது. ஆறடிக்கு ஐந்தடி மெத்தையின் பரப்பு ஏறக்குறைய 2.8 சதுர மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைக் காற்று தரக்கூடும். அதில் பாதி மேல்நோக்கித் தூக்கினாலே 40 கிலோவைத் தாண்டிவிடும். சாதாரண மெத்தை ஒன்று அந்த எடை இருப்பதில்லை. வேகம் இரு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும் என்பதால், ஊருக்குள் அசையாமல் வந்த மெத்தை நெடுஞ்சாலை ஏறியதும் படபடக்கத் தொடங்குகிறது. சமயபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டிய சிறிது தூரத்தில், என் கண் முன்னே ஒரு மெத்தை முன்முனை மடங்கிச் செங்குத்தாக எழுந்து பறந்து போய் விழுந்தது. பின்னால் பைக்கில் வந்த இளைஞர் அதன்மேல் ஏறிச் சறுக்கினார். தோள் எலும்பு முறிவோடு பிழைத்தார். அவருக்குப் பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அந்தக் காரின் இரு ஜன்னல்களிலிருந்தும் இரண்டு கைகள் நீண்டு மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. பறக்கும் மெத்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

கூரையில் ஏற்றுவதாயிருந்தால் முறையான கேரியர் வேண்டும். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கயிற்றைப் பின்கதவு ஜன்னல்கள் வழியாக உள்ளே விட்டு முடிச்சுப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிக் கட்டினால் அவசரத்துக்கு அந்தக் கதவுகளைத் திறக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 (1ஏ) பிரிவு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

இன்வெர்ட்டர் பேட்டரி பார்வைக்குச் சிறியது என்பதால் எல்லோரும் டிக்கியில் வைத்துவிடுகிறார்கள். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். ஒரு திருப்பத்தில் சாய்ந்தால் போதும், வழியும் அமிலம் டிக்கித் தகட்டையே அரித்துவிடும். அதை நிமிர்த்தி வைத்து, நான்கு பக்கமும் அசையாதபடி அடை கொடுத்துக் கொண்டுவர வேண்டும்.

தூக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க எடையை 23 கிலோ என்று வரையறுத்திருக்கிறது. டிக்கியின் விளிம்பைத் தாண்டிக் குனிந்து, கைகளை நீட்டி, இடுப்பைத் திருப்பித் தூக்கும்போது அந்த வரம்பு இன்னும் குறைந்துவிடும். நின்றபடி இறக்கக்கூடிய பெட்டியை ஒரு காரிலிருந்து படுக்கையாக இழுத்தெடுப்பது, அனுபவம் உள்ள சுமை தொழிலாளர்களே தயங்கும் வேலை. என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் இப்படித்தான் முதுகுத்தண்டு வட்டு பிதுங்கி, 3 மாதம் படுக்கையில் இருந்தான். அன்று கூடுதலாக ஓர் ஆளை நான் அழைத்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே குட்டி யானையைக் கூப்பிடுங்கள். திறந்த தளமும் பக்கப் பலகைகளும் உள்ள அந்த வண்டியில் ஃபிரிட்ஜ் நின்றபடியே வரும். அதையும் மேற்பார்வை பார்த்தே ஏற்றுங்கள்: ஃபிரிட்ஜையும் பீரோவையும் ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி நிறுத்தி, இடையில் பழைய போர்வை கொடுத்து, இடுப்பு உயரத்தில் ஒன்றும் தோள் உயரத்தில் ஒன்றுமாக இரண்டு கட்டுகள் போட வேண்டும். கைப்பிடியை அசைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட் கிடைத்தால் அதுவே நல்லது. நைலான் கயிறு என்றால் 10 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்க வேண்டும். டிவியைப் படுக்க வைத்தால் குலுக்கலில் நடுப்பகுதி வளைந்து திரை விரிசல் விடும். அதை அட்டைப்பெட்டியிலேயே, நின்ற நிலையில், இரண்டு மென்மையான பொருட்களுக்கு இடையில் செருகிக் கொண்டுவாருங்கள்.

முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷினுக்கு மட்டும் ஏற்றுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. அதன் உள்தொட்டி ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. அதிர்வைத் தணிக்க அதனுடன் கனமான கான்கிரீட் கட்டியும் பொருத்தப்பட்டிருக்கும். புதிதாக வரும்போது அந்தத் தொட்டி அசையாதபடி பின்புறத்தில் நீளமான போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். பொருத்த வருபவர் அவற்றைக் கழற்றி உங்கள் கையில் கொடுப்பார். மெஷினை மறுபடி வண்டியில் ஏற்றும் முன் அவற்றைத் திரும்பப் பொருத்தி இறுக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அவை அன்றே குப்பைக்குப் போய்விடுகின்றன. அடுத்த முறை வீடு மாறும்போது தொட்டி ஆடி ஆடி, தணிப்பான் உடைந்த மெஷினைத்தான் நான் போய்ப் பார்க்கிறேன். அந்த போல்ட்டுகளை ஒரு சிறு துணிப்பையில் போட்டு, மெஷினின் பின்தகட்டிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.