டி செல் 'எக்ஸாஸ்ஷன்': சோர்வா, வற்றுதலா, தொய்வா?

நாட்பட்ட வைரஸ் தொற்றில், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களுக்கு நேரும் 'எக்ஸாஸ்ஷன்' என்னும் நிலையைத் தமிழில் 'சோர்வு' என்றோ 'களைப்பு' என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். களைப்பு படுத்தெழுந்தால் தீரும். இது அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

சொல்லின் மூலம் லத்தீன். 'எக்ஸ்' என்பது வெளியே. 'ஹௌரீரே' என்பது நீர் இறைத்தல். அடி தெரிய இறைத்துவிடுவதே முதற்பொருள். (இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது எதிர்த்திசையில் ஓடும் உவமை.) 1993இல் ரால்ஃப் ஸிங்கர்நாகல் இடம்பெற்ற சூரிச் ஆய்வுக்குழு, எல்சிஎம்வி என்னும் வைரஸை எலிகளுக்கு மிகுதியாகச் செலுத்தியபோது, அதை எதிர்க்கும் டி செல்கள் பெருகிய வேகத்திலேயே மறைந்துபோனதைக் கண்டு இச்சொல்லைப் பயன்படுத்தியது. அங்கே 'வற்றுதல்' என்று மொழிபெயர்த்தாலும் பொருந்தியிருக்கும்.

ஆனால் 1998இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமது குழுவினர் கண்டது வேறு: செல்கள் மறையவில்லை, வைரஸை அடையாளம் காணும் ஏற்பிகளோடு உடலிலேயே இருந்தன, வேலைதான் நடக்கவில்லை. கிணற்றில் நீர் இருக்கிறது, ஏற்றம் இறைக்கவில்லை. சொல் மாறாமல் பொருள் மாறியது இந்த இடத்தில்தான்.

குறுகிய காலத் தொற்றில் வைரஸ் ஒழிந்ததும், எஞ்சிய டி செல்களில் சில நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி போன்ற நாட்பட்ட தொற்றுகளிலோ ஆன்டிஜென் (டி செல் அடையாளம் காணும் வைரஸ் கூறு) நாள்தோறும் செல்லைத் தூண்டிக்கொண்டே இருப்பதால், செல்லின் வேலையை அடக்கும் பிடி-1 போன்ற தடுப்பு ஏற்பிகள் அதன் மேற்பரப்பில் கூடுகின்றன; செல் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களில் இன்டர்லூகின்-2 சுரப்பும், செல் பெருகும் திறனும் முதலில் குன்ற, டிஎன்எஃப் பின்னர் குறைய, இன்டர்ஃபெரான் காமா கடைசிவரை ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. இப்படி எஞ்சும் திறனைக் கொண்டு அவை வைரஸை ஓரளவு அடக்கியும் வைப்பதால், 'செயலிழப்பு' என்ற சொல்லும் மிகையாகிவிடும். 'ஓய்தல்' நல்ல வினைதான். ஆனால் அதன் பெயர்ச்சொல்லான 'ஓய்வு' இன்று விடுமுறையையும் பென்ஷனையும் அல்லவா குறிக்கிறது!

என் தெரிவு 'தொய்வு'. கயிற்றுக் கட்டிலை எண்ணிப் பாருங்கள்: நாள்தோறும் பாரம் தாங்கிய கயிறு அறுவதில்லை, தொய்கிறது, இழுத்துக் கட்டினால் விறைக்கும், ஆயினும் நீண்ட இழை பழைய நீளத்துக்குத் திரும்பாது. 2006இல் எலிகளில் பிடி-1 வழியை எதிர்ப்பொருளால் அடைத்தபோது தொய்ந்த செல்கள் மீண்டும் பெருகி வைரஸ் அளவைக் குறைத்தது அந்த இழுத்துக் கட்டல். ஹெபடைடிஸ் சி மருந்தால் முற்றிலும் குணமான மனிதர்களிடமும், டி செல்களின் மரபணுக்களைத் திறந்து மூடும் அமைப்பில் பழைய தழும்புகள் எஞ்சியிருப்பது அந்த நீண்ட இழை. 'செல்கள் தொய்ந்தன', 'தொய்ந்த செல்கள்', 'டி செல் தொய்வு' என்று வினைக்கும் பெயருக்கும் இச்சொல் வளைந்துகொடுக்கிறது.