தாந்திரிக ஓவியம்: சொல்லும் பொருளும்

காளி, தாரா, சின்னமஸ்தா ஆகிய தேவியரை யந்திரங்களோடு, அதாவது வழிபாட்டுக்குரிய கோட்டு வடிவங்களோடு, சேர்த்து வரையும் வட இந்திய மிதிலைப் பகுதி நாட்டார் ஓவியரைத் தமிழில் ‘தாந்திரிக ஓவியர்’ என்று எழுதிவிடுகிறார்கள். திருகோணமலையில் அதை வாசிப்பவருக்குச் செய்வினையும் சூனியமும்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘மாந்திரீகம்’ என்ற சொல்லின் ஓசை அந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. பக்தியோடு வரைபவருக்கு இது அநியாயம்.

தந்திரம் வடசொல். விரித்தல், நீட்டுதல் என்று பொருள்படும் ‘தன்’ அதன் வேர். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்கு அது பெயர். பிறகு, ஒரு பொருளை ஒழுங்காக விரித்துச் சொல்லும் ஏட்டுக்கும் பெயராயிற்று. பஞ்சதந்திரத்தில் உள்ள தந்திரம் இதுதான். தமிழும் இதே தடத்தில் நடந்திருக்கிறது: இழையும் நூல், ஏடும் நூல். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் நன்னூல் உருவகித்தது இதனால்தான். ஆகவே தந்திரத்துக்கு நேர்த் தமிழ் ‘நூல்’.

திருமூலர் திருமந்திரத்தை வகுத்தது ஒன்பது தந்திரங்களாக. அப்பரோ இறைவனையே “மந்திரமும் தந்திரமும் மருந்துமாகி” என்று பாடினார். படை என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. இன்றைய பேச்சில் நரியின் தந்திரம், தந்திரக்காரன் என்று சூழ்ச்சி மட்டுமே எஞ்சி நிற்கிறது. ‘தாந்திரிக’ என்பது வடமொழி இலக்கணப்படி முதலெழுத்து நீண்ட பெயரடை. தமிழுக்கு அந்த நீட்டல் வேண்டியதில்லை; ‘தந்திர நெறி’ போதும்.

மிதிலையில் பெண்கள் மண்சுவரில் வரைந்துவந்த ஓவியம், 1960களின் வறட்சிக்குப் பிறகே பெருமளவில் தாளுக்கு வந்தது. அதில் வண்ணம் நிரப்பும் பர்னி, நுண்கோடுகளால் அமையும் கச்னி போலத் தந்திர நெறியும் ஒரு பிரிவு. அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் பொருள் உண்டு. மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சத்தி, நடுப்புள்ளிக்குப் பெயர் விந்து (பிந்து). ஸ்ரீசக்கரம் என்னும் யந்திரத்தில் மேல்நோக்கி நான்கும் கீழ்நோக்கி ஐந்துமாக ஒன்பது பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்ட, 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன. ஒரு கோடு சற்று விலகினாலும் மூன்று கோடுகள் சந்திக்க வேண்டிய புள்ளி சிதறிப்போகும். கை நடுங்காமல் இதை இழுப்பதே தனித் திறமை.

இந்த வரைவு நமக்குப் புதிதல்ல. பத்திரகாளி அம்மன் கோயிலும் நவராத்திரிக் கும்பமும் உள்ள ஊர் திருகோணமலை. பதினெட்டுச் சத்தி பீடத் துதி “லங்காயாம் சாங்கரீ தேவீ” என்றே தொடங்குகிறது. அந்தச் சங்கரியின் இடம் கோணமலை என்பது மரபு. திருமந்திரத்தின் நான்காம் தந்திரமோ கோடிட்டு, கட்டம் வகுத்து, எழுத்தடைக்கும் முறையையே சொல்கிறது. அங்கே அதற்குப் பெயர் சக்கரம்: திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம்.

யந்திரத்துக்குத் தூய தமிழ் வேண்டுமென்றால் ‘பொறி’ இருக்கிறது. இயங்கும் கருவியும் பொறி, புலிப்பொறி என்பதுபோலப் பதித்த குறியும் பொறி. யந்திரத்தின் இரு பொருளையும் அது தாங்கும். ஆனாலும் கோயில் வழக்கில் ஊறியது சக்கரம்தான். வடசொல் என்றாலும் அதையே நான் எடுப்பேன். ஓவியத்தைச் ‘சக்கர ஓவியம்’ எனலாம். வரைபவரைச் ‘சத்தி சக்கரம் வரையும் நாட்டார் ஓவியர்’ என்றால் எந்த ஐயமும் எழாது.