சுக்கானில் வழியும் பழுப்புத் தண்ணீர்

படகைக் கரையேற்றி ஒரு வாரமாகியிருக்கும். அடிப்பாகம் முழுக்கக் காய்ந்துவிட்டது. சுக்கானின் கீழ்முனையில் மட்டும் பழுப்பாக ஏதோ கசிகிறது. மலேசியாவின் லங்காவித் தீவுக்கு வரும் பழைய பாய்மரப் படகுகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம். "கீழே ஒரு ஓட்டை போட்டு வடித்துவிட்டு அடைத்துவிடலாமே" என்பார் உரிமையாளர்.

வடிக்கலாம், தப்பில்லை. ஆனால் சுக்கானின் மேல்தோலான ஃபைபரும் துருப்பிடிக்காது, உள்ளே இருக்கும் ஃபோமும் துருப்பிடிக்காது. அப்படியானால் அந்தப் பழுப்பு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான சுக்கான்களில் ஃபோமுக்குள் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு இறங்குகிறது. சுக்கானைத் தண்டோடு பிடித்துக்கொள்ள அதில் பட்டைகளை வெல்டிங் செய்திருப்பார்கள். வெயிலில் ஸ்டீலும் ஃபைபரும் ஒரே அளவில் விரிவதில்லை. அதனால் தண்டு நுழையும் மேல்வாயில் மயிரிழை அளவு விரிசல் விட்டு, கடல்நீர் உள்ளே இறங்கிவிடும்.

"ஸ்டெயின்லெஸ்தானே?" சரிதான், ஆனால் அதைக் காப்பது மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். அது புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈர ஃபோமுக்குள் தேங்கிய உப்புநீரில் அது கிடைக்காது. கடல் வேலைக்கென்று வாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸிலும் குழி விழும். வெல்டிங் ஓரம் அறுந்துவிட்டால் வீலும் தண்டும் திரும்பும், சுக்கான் திரும்பாது. அது துறைமுகத்துக்குள் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆகவே கசிவில் துரு நிறம் தெரிந்தால், ஒரு பக்கத் தோலை வெட்டித் திறப்பதே என் பரிந்துரை. வெட்டிய தோலை எறிய வேண்டாம், திரும்ப ஒட்டலாம். ஈர ஃபோமைச் சுரண்டி எடுத்து, வெல்டிங்கைத் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்துச் சற்று ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம், உள்ளே புகுந்த சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளை டெவலப்பரைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அந்த வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு மெதுவாக எழும்பி வரும். அதைக் கண்ணால் பார்த்தபின் எந்த உரிமையாளரும் செலவைப் பற்றிப் பேரம் பேசுவதில்லை.

காயவைக்கும் முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். உப்பு மிஞ்சினால் ஈரம் போகாது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கூடாரமும் ஈரப்பதம் உறிஞ்சும் மெஷினும் இல்லாமல் இங்கே வேலை நடக்காது. ஒட்டுவதற்கு எபாக்ஸி ரெசின்தான், பழைய ஃபைபர் மேல் பாலியெஸ்டர் ரெசின் அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. ஓரங்களைத் தோலின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன்மேல் கண்ணாடித்துணி போடுங்கள்.

கடைசியாக, தண்டைச் சுற்றி மேல்வாயில் சின்னக் காடி வெட்டிப் பாலியூரிதேன் சீலன்ட் நிரப்புங்கள். அடுத்தடுத்துக் கரையேற்றும்போது அதை நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் பிடிப்பு விட்டிருந்தால் சுரண்டிப் புதிதாகப் போடுங்கள். ஒரு டியூப் போதும்.